கெட்டில் மாமி காரில் ஏறிய மாலை

என் காது மந்தமாகிவிட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். சொன்னவன் யார் என்றும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நீலா மாமியின் மாப்பிள்ளை முரளி, உன்னோடு கல்லூரியில் படித்தவன் என்ற உரிமையில் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு, உன் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, ஆங்கிலம் புரியவில்லை, புத்தியும் தடுமாறுகிறது, இனி தனியாக விட்டுவைப்பது சரியில்லை என்று சொல்லியிருக்கிறான். நீயும் தை மாதம் வந்து என்னை அழைத்துப் போவதாகவும், அதற்குள் வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் கூட்டி வரும்படியும் அவனிடமே சொல்லிவிட்டாய். தனம் பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வரும்போது, அவள் நம் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவள் குரல் எனக்குக் கேட்கிறது. மாமி தன் சமையலறையில் என்னைப் பற்றிப் பேசுவதும் கேட்கிறது. தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசுவதுதான் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. ஆங்கிலத்தைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அயர்லாந்திலிருந்து வந்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். அவர்கள் கோபத்தில் பேசிய ஆங்கிலத்தையே புரிந்துகொண்டவளுக்கு டி.வி.யில் பேசும் ஆங்கிலம் ஒரு பொருட்டில்லை.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். முரளி சொன்னதை நீ ஒரு தரம் கேட்டுவிட்டாய். இதையும் ஒரு தரம் பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு, மீதி எனக்குத் தெரியும் என்று மடித்து வைக்காதே. அது உன் சிறுவயதுப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுவாய். நானும் அப்போது அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நீ இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன டி.வி. பெட்டி கூடத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. "இனிமே உனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லம்மா" என்று சொல்லி அதன் மரக்கதவைத் திறந்து காட்டினாய். உண்மைதான், குறைவில்லை. ஆனால் அந்தப் பெட்டி வந்த பிறகு உன் கடிதங்கள் குறைந்தன. முதலில் இன்லேண்டு, பிறகு அஞ்சலட்டை, பிறகு மருமகள் கடிதத்தின் ஓரத்தில் "நலம்" என்று உன் கையெழுத்து. நான் இதுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. இன்று சொல்கிறேன், ஏனென்றால் இன்று எனக்குக் கோபம்.

தெருவில் அப்போது வேறு டி.வி. கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் தெருவே கூடத்தில் உட்காரும். செவ்வாய்க்கிழமை மாலையில் மட்டும் ஓர் ஆங்கிலச் சிரிப்புத் தொடர் போட ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் எப்போதோ எடுத்து, அங்கே எல்லாரும் பார்த்துச் சலித்து, பிறகு நமக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலம் என்றதும் கூட்டம் குறைந்துவிட்டது. மிஞ்சியவர்கள் நீலா மாமியும் தனமும்தான். மாமிக்கு வேறு போக்கிடம் இல்லை. தனத்துக்கோ, கூடையை வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டும். மாமி வருவாள் என்பதற்காக நான் செவ்வாய்க்கிழமை மீன் வாங்குவதில்லை. தனமும் அன்று வெறும் கூடையைத் தெருக்குழாயில் கழுவிக்கொண்டுதான் வருவாள். அப்படியும் மாமி ஜன்னலோரமாகத்தான் உட்காருவாள். "வாசனை இல்ல, இல்லேங்கல. ஆனா ஞாபகம் இருக்கே," என்பாள். "ஞாபகத்த நான் எங்கம்மா கழுவறது?" என்பாள் தனம்.

அந்தத் தொடருக்கு ஒரு பெயர் இருந்தது. நம் கூடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. கடலோர ஊர் ஒன்றில், கணவனை இழந்த ஓர் அம்மாள் தன் பெரிய வீட்டில் தனி ஆட்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா, பாட்டுப் பழகும் ஒரு முதிர்ந்த கன்னி, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு மனிதர். வீட்டில் எது உடைந்தாலும் யார் அழுதாலும் அந்த அம்மாள் முதலில் டீக்குக் கெட்டிலை அடுப்பில் வைப்பாள். அதனால் தனம் அவளுக்குக் கெட்டில் மாமி என்று பெயர் வைத்துவிட்டாள். "எங்க ஜாதியில சேத்துட்டியாக்கும்?" என்று மாமி கேட்டதற்கு, "அதுவும் எந்நேரமும் உங்கள மாதிரி அடுப்பாண்டதான கீது," என்றாள் தனம்.

அவர்களுக்கு நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அது லேசான வேலை இல்லை. திரையில் ஒருத்தி ஏதோ சொல்வாள், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் தமிழில் சொல்லி முடிக்க வேண்டும். இங்கிலாந்து சிரித்து முடித்த பிறகுதான் மயிலாப்பூர் சிரிக்கும். முதல் வாரம் தனம், "யாரும்மா சிரிக்கறது? ஆளே காணோமே?" என்று கேட்டாள். நான் விளக்குவதற்குள் அவளே, "ஓ, அவுங்க வூட்லயும் நம்மள மாதிரி கும்பலா குந்திக்கினு பாக்கறாங்கோ," என்று முடித்துக்கொண்டாள். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். புட்டிங் என்றால் என்ன என்று மாமி கேட்டபோது, கேசரி மாதிரி என்று சொல்லியிருக்கலாம். புட்டிங் என்றால் புட்டிங்தான், அதற்குத் தமிழ் இல்லை என்றேன். எங்கள் பள்ளியில் ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போது அதை அழகுபடுத்தினால் பெஞ்சின் மேல் நிற்க வேண்டும். நான் நின்றதில்லை.

அந்தத் தொடர் எனக்கு ஏன் பிடித்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகும். கூரை ஒழுகும், குமாஸ்தா கோபித்துக்கொண்டு பெட்டி கட்டுவார், சமைத்தது கருகும். ஆனால் முடியும்போது பழையபடி எல்லாரும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், கெட்டில் ஆவி விடும். யாரும் எங்கும் போய்விடவில்லை. அடுத்த செவ்வாயும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரியும். உன் அப்பா போன பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

அந்தக் கெட்டில் மாமிக்கு ஒரு மகன். லண்டனில் வேலை. நல்ல கோட்டு, சின்னக் கார். அவ்வப்போது வந்து, இந்த வீட்டை விற்றுவிடு, என்னோடு வந்துவிடு, உனக்கு என்ன பைத்தியமா என்று கெஞ்சுவான். அவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது தந்திரம் செய்து அவனை அனுப்பிவிடுவாள். வீடு பார்க்க வந்தவரிடம், இந்தப் படுக்கையறையில்தான் என் கணவர் செத்தார், இன்னமும் இருமுகிறார் என்று அவள் சொன்னபோது தனம் சிரித்து விக்கிக்கொண்டாள். மாமியும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "ஆனாலும் அந்தப் பிள்ளை பாவம். இவ்வளவு கெஞ்சறானே, போனா என்னவாம்? வயசான காலத்துல என்ன பிடிவாதம்?" என்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி வாரம் வந்தது. அன்றைக்கென்று முரளி தி. நகரிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். வங்கியில் அதிகாரியாகிவிட்டான் அல்லவா, கூடத்துக்குள் நுழையும்போதே, "என்ன ஆன்ட்டி, டிரான்ஸ்லேஷன் கிளாஸ் நடக்கறதாமே," என்றான். உட்காரச் சொன்னேன். உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். போனால் போகிறது என்று விட்டேன்.

அந்த வாரம் ஆரம்பத்திலிருந்தே ஏதோ சரியில்லை. சிரிப்பொலி குறைவாக இருந்தது. கடிகாரக்காரர் தன் கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிட்டார். பாட்டுக்காரி பாடவில்லை. கடைசியில் மகன் காரோடு வந்து வாசலில் நிற்கிறான். கெட்டில் மாமி தொப்பி வைத்துக்கொண்டு, கையில் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். இறங்கி வந்து, நான் ஒரு முட்டாள் கிழவி, உன்னை இத்தனை நாள் அலைய வைத்துவிட்டேன், வருகிறேன், போகலாம் என்று அவனிடம் சொல்கிறாள். எந்தச் சந்தேகமும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. நான் உதட்டைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன், மாமி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முரளியும் நாற்காலியில் சாய்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, குழந்தை மருந்து குடிக்கப்போகிறது என்று காத்திருப்பவர்கள் சிரிப்பது போல. ஆங்கிலத்தில் அதைச் சொன்னவள் யாரோ ஒருத்தி. தமிழில் சொல்ல வேண்டியவள் நான். என் கூடத்தில், என் வாயால், "நான் ஒரு முட்டாள் கிழவி, வருகிறேன், போகலாம்" என்று நான் சொல்ல வேண்டும்.

"இன்னாம்மா சொல்லுது?" என்றாள் தனம்.

"இந்தப் பெட்டியில உன் பழைய சாமானெல்லாம் இருக்கு, இத்தனை வருஷமா என் பரணை அடைச்சுக்கிட்டுக் கிடந்துது, எடுத்துட்டுப் போன்னு சொல்றா," என்றேன்.

தனம் கைதட்டிச் சிரித்தாள். மாமியும் சிரித்துவிட்டாள். டி.வி.யில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. இங்கிலாந்து வாயை மூடிக்கொண்டிருக்க, மயிலாப்பூர் மட்டும் சிரித்தது அன்றைக்குத்தான்.

முரளி நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆன்ட்டி, அவ வரேன்னுன்னா சொன்னா?"

"நீங்க பேங்க்ல எழுதற இங்கிலீஷ் வேற. இது பேசற இங்கிலீஷ்."

"அப்போ சாவிய ஏன் அந்தக் கெழவர் கையில குடுக்கறா?"

"கடைக்குப் போறா. திரும்பி வர வரைக்கும் வீட்டைப் பார்த்துக்க வேண்டாமா?"

"தொப்பி போட்டுண்டா?"

"அந்த ஊர்ல தொப்பி இல்லாம யாரும் கடைக்குப் போறதில்ல."

"குளிர் பாருங்கோ அங்கெல்லாம்," என்று மாமி மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொன்னாள்.

அதற்குள் கெட்டில் மாமி காரில் ஏறிவிட்டாள். கார் கிளம்பியது. "தெருமுனை வரைக்கும் பிள்ளையோட போய், ரொட்டிக்கடையில இறங்கி, ரொட்டி வாங்கிட்டு நடந்து வந்துடுவா," என்றேன். கார் தெருமுனையைத் தாண்டியது. கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டே இருந்தது. சோகமாக ஒரு பியானோ. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. "ரொட்டிக்கட தாண்டிட்ச்சேம்மா," என்று தனம் மெதுவாகச் சொன்னாள். நான் எழுந்து போய் டி.வி.யை அணைத்து மரக்கதவைச் சாத்தினேன். இதைத்தான், "எல்லாரையும் வெளியே துரத்தினாள்" என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் யாரையும் துரத்தவில்லை. மாமிக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். முரளி வேண்டாம் என்றான்.

ஆக, முரளி தன் வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறான். இவளுக்குக் காது போயிருக்க வேண்டும், இல்லை ஆங்கிலமே தெரியாமல் இத்தனை நாள் ஏமாற்றியிருக்க வேண்டும், இல்லை மூளை குழம்பியிருக்க வேண்டும். மூன்றையும் உனக்குச் சொல்லிவிட்டான். நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு கிழவி தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்வாள் என்பது அவன் கணக்கிலேயே வராது. உன் கணக்கிலும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் மாமி வந்து வாசற்படியிலேயே நின்றாள். "மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். நன்னாத்தானே முடிச்சிருக்கா! கடைசிக் காலத்துல பிள்ளையோட போய்ச் சேர்ந்துட்டா. கண்ணுல ஜலம் வர மாதிரி ஒரு முடிவு. அதைப் போய் நீங்க ரொட்டி, தொப்பின்னு..." என்றாள். அவளுக்கு உண்மையாகவே வருத்தம். நல்ல அழுகை ஒன்றை நான் அவளிடமிருந்து பறித்துவிட்டேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இங்கிலாந்திலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்திருக்கும். வாரக்கணக்கில் ஒருத்தியின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, கடைசியில் அவள் அடங்கிப்போனால்தான் மனம் நிறைகிறது. இந்தத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கும் ஒரு கதையை முடிக்க வேறு வழி தெரியவில்லை. வீட்டிலிருந்து யாரையாவது கிளப்ப வேண்டும். கெட்டிலை அடுப்பில் வைத்து, அவள் பாட்டுக்கு அங்கேயே இருக்கிறாள் என்று விட்டால், அது முடிவே இல்லை என்பார்கள். எனக்கு அதுதான் முடிவு.

தனம் இரண்டு நாள் கழித்து வந்தாள். நான் வஞ்சிரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அந்த மாப்ள சொல்லிக்கினு கீறாரு, கெட்டில் மாமி நெஜமாவே பூட்ச்சாம். ஆமாவாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்யை நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை. அவள் மீனைத் துண்டு போட்டாள். பிறகு, "அங்க போனா போவட்டும்மா. நம்ம வூட்டு டி.வி.ல திரும்பி வந்துட்ச்சு இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

அதன் பிறகுதான் உன் டிரங்க் கால். மாமி வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மாமி ஒரு பக்கம், முரளி ஒரு பக்கம். கம்பியில் மழை பெய்வது போல் இரைச்சல். நீ ஏதோ சொல்கிறாய், பாதி வார்த்தை பம்பாயிலேயே நின்றுவிடுகிறது. நான் "என்ன? என்ன?" என்று கேட்கக் கேட்க, முரளி மாமியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். டிரங்க் காலில் யாருக்குத்தான் காது கேட்கிறது? "அம்மா, நீ ஒண்ணும் கவலப்படாத, எல்லாம் முரளிகிட்ட பேசியாச்சு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஆபரேட்டர் நேரம் முடிந்துவிட்டது என்றாள்.

எல்லாம் பேசியாச்சு. இந்தத் தோரணை உன் பேச்சில் எப்போது வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். உனக்கு முதல் வேலை கிடைத்த புதிதில், பாண்டி பஜாரில் ஒரு ஹோட்டலுக்கு என்னையும் அப்பாவையும் அழைத்துப் போனாய். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சர்வரை நீயே கூப்பிட்டாய். "அப்பாவுக்கு பூரி, எனக்கு மசால் தோசை, அம்மாவுக்கு இட்லி போதும்," என்றாய். எனக்கு அன்று ரவா தோசை வேண்டும் என்று இருந்தது. பக்கத்து மேஜையில் மொறுமொறுவென்று ஒன்று வந்திருந்தது. உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பையன் சந்தோஷமாக இருக்கிறான், விடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். இட்லியைத் தின்றேன். சென்ற வருடம் பம்பாயில் உன் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். நான் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், நீ உன் மனைவியைப் பார்த்து, "அம்மா சாப்பிட்டாச்சா? அம்மாவுக்குத் தூக்கம் வருதா பாரு," என்கிறாய். அவள் நல்ல பெண். என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டாள். அவளாவது கேட்டாள்.

உன் அப்பா இப்படி இல்லை. உனக்கு நினைவிருக்கும், அடையாறில் வெறும் புல்லும் பனைமரமுமாகக் கிடந்த காலத்தில் அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் அங்கே மனை வாங்கினார். பக்கத்து மனையை நாமும் வாங்கி, இந்த வீட்டைவிட்டு அங்கே போகலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மழைக்காலம் முழுவதும் அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. உன் சித்தப்பாவையோ நண்பரையோ விட்டு எனக்குப் புத்தி சொல்லச் சொல்லவில்லை. கடைசியில் நானாகப் போய், வேண்டாம், லஸ் முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் நடந்து வரக்கூடிய வீட்டை விட்டுவிட்டு அந்தக் காட்டுக்கு வர மாட்டேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சரியாகிவிட்டது. இன்று அந்த மனையின் விலை என்ன என்று நீ ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்குச் சொல்லிக்காட்டுகிறாய். சரி, நான் தப்புத்தான் செய்தேன். அந்தத் தப்பு என்னுடையது. எனக்கு அதைச் செய்ய இடம் கொடுத்த மனிதரோடு நான் வாழ்ந்தேன். உன் வீட்டிலும் உன் மனைவியும் நாளை உன் பிள்ளையும் சில தப்புகளைத் தாங்களே செய்யட்டும், கண்ணா. எல்லாருடைய தட்டிலும் நீயே இட்லி வைக்காதே.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் ஆன்டெனாவைத் திருப்பி வைக்க மொட்டைமாடிக்குப் போனவள் படியில் வழுக்கி விழுந்தது உண்மை. மணிக்கட்டு வீங்கியது. அதை உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ இதைத்தான் செய்வாய் என்று தெரிந்தே எழுதவில்லை. விழுந்த அன்று தனம்தான் ரிக்ஷா வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாமி ஒரு வாரம் ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது மாடிக்கு நான் போவதில்லை. படம் கோடு கோடாக வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்கூடத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறது. ராத்திரியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன். வயது ஏறிக்கொண்டு போகிறது என்பது எனக்குத் தெரியாதா? ஒருநாள் என்னால் இங்கே இருக்க முடியாமல் போகலாம். அந்த நாள் வந்துவிட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியவள் நான். முரளி இல்லை. எனக்குச் சொல்லத் தெரியும். வாயும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக.

சென்ற வாரம் முரளி ஒருவரை அழைத்து வந்தான். வெள்ளை வேட்டி கட்டிய மனிதர், பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "இடிச்சுட்டா நாலு வீடு எடுக்கலாம்," என்று முரளியிடம் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். முரளி அவரிடம், "ஆன்ட்டிக்குக் கேக்காது, நீங்க பேசுங்கோ," என்றான். அந்த மனிதர்தான் சங்கடப்பட்டு, "அம்மா, வீட்ட குடுக்கிறதுல உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று உரத்த குரலில் என்னிடமே கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் கேட்கிறார். என் வயிற்றில் பிறந்தவன் கேட்கவில்லை. "என் மகனைக் கேட்டுச் சொல்றேன்," என்று அவரை அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக அன்று முழுவதும் என்னையே கடிந்துகொண்டேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், அதனால் இப்போது கேட்கிறேன்.

வீடு என் பெயரில் இருக்கிறது என்பதை நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. நீ வந்து எதிரே உட்கார்ந்து, கண்கலங்கி, "அம்மா, வா" என்று சொன்னால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் நீ வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். நேரில் வந்தால் நான் அம்மாவாகிவிடுவேன். காகிதத்தில் இன்னும் கொஞ்சம் நானாக இருக்க முடிகிறது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். நான் உன்னோடு இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசையா? அல்லது, அம்மா தனியாக இருக்கிறாளே என்ற கவலை உன் தலையிலிருந்து இறங்க வேண்டும் என்று ஆசையா? இரண்டும் வேறு. முதலாவது என்றால், நான் யோசிக்கிறேன். உன் அப்பாவுக்குப் பதில் சொன்னது போல, என் காலத்தை எடுத்துக்கொண்டு யோசித்து, என் வாயால் பதில் சொல்கிறேன். இரண்டாவது என்றால், அதிலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்காக நான் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன், நீ கவலைப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிள்ளைகள் இருப்பது அதற்கும்தான்.

எது என்று எழுது. டிரங்க் கால் வேண்டாம். முரளியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். மருமகள் கடிதத்தின் ஓரமும் வேண்டாம். தனித் தாளில், உன் கையால், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தை பிறப்பதற்குள் தபாலில் சேர்த்துவிடு. உன் கடிதம் கைக்கு வரும்வரை வீடு பார்க்க யார் வந்தாலும் நான் கதவைத் திறக்கப் போவதில்லை.

அம்மா